யார் நல்ல ஷார்ட்ஸ்டாப்? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

சென்ற இதழில் மைனர் லீக் பேஸ்பால் (அமெரிக்காவின் பெரிய லீகுக்கு ஆள் தயார் செய்யும் கீழ்ப்படி ஆட்டம்) பற்றிப் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாதி ஷார்ட்ஸ்டாப் பையன்களைப் பற்றியே. (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவில் நின்று பந்தைத் தடுப்பவன் ஷார்ட்ஸ்டாப்; பேஸ் என்பது அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய நிலை.) ஆகவே விசா, சமையல், மாமியார் எல்லாம் அடுத்த இதழுக்கு. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இவர்கள் எல்லாரும் என் பேரன் வயசுப் பையன்கள். அதனால் அவன், இவன் என்றுதான் எழுதுவேன். பெரிய லீகில் பெயரெடுத்தவர்களுக்கு மட்டும் ‘அவர்’.

கேள்வி: கானர் கிரிஃபின், லியோ டி வ்ரீஸ், ஹேசூஸ் மாதே, கெவின் மெக்கானிகில். நாலு பேரையும் வரிசைப்படுத்துங்கள் அக்கா. ‘எல்லாரும் நல்ல பிள்ளைகள்’ என்று நழுவக் கூடாது.
– ஆர். எம்., சார்லட்

நழுவவில்லை. கிரிஃபின், மாதே, டி வ்ரீஸ், மெக்கானிகில். மட்டையை மட்டும் பார் என்றால் கடைசியில் நிற்கும் மெக்கானிகிலைத் தூக்கி இரண்டாவது இடத்தில் வைப்பேன். சில நாள் முதல் இடத்திலேயே வைக்கத் தோன்றும். நீங்கள் கேட்டது ஷார்ட்ஸ்டாப் என்பதால் இந்த வரிசை.

2025 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் அந்த வருஷமே டபுள்-ஏ வரை ஏறிவிட்டார்கள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீகில் நாலு படி. அதில் மூன்றாவது படியில்தான் பாதிப் பேருக்குச் சாயம் வெளுக்கும். கீழே வெறும் வேகத்தை வைத்துப் பிழைக்கும் பிட்சர்கள் (பந்து எறிபவர்கள்) அங்கே கிடையாது. வேகப்பந்து மாதிரியே கிளம்பி, மட்டைக்காரன் நிற்கும் தட்டுக்குப் பக்கத்தில் வந்து கீழே இறங்கும் பந்தை வேண்டும்போது வேண்டிய இடத்தில் போடத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். நாலு பேரும் ஏறிய படி ஒன்றுதான், வயதுதான் வேறு. மெக்கானிகில் 2004 ஆகஸ்டில் பிறந்தவன். கிரிஃபின் 2006 ஏப்ரல், டி வ்ரீஸ் 2006 அக்டோபர், மாதே 2007 மே. மூத்தவனுக்கும் இளையவனுக்கும் கிட்டத்தட்ட மூன்று வருஷம் வித்தியாசம். இந்த வயசில் மூன்று வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை. தாடி முளைக்கிற காலம் அது.

கிரிஃபினைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு, மறைக்கவில்லை. அவன் அந்த வருஷம் பிரேடன்டனில் தொடங்கி, நடுவில் எங்கள் ஊர் கிரீன்ஸ்பரோவுக்கு வந்து ஆடிவிட்டு, ஆகஸ்டில் ஆல்டூனாவுக்குப் போனான். மூன்று ஊரும் சேர்த்து .333 சராசரி. அதாவது மூன்று முறை மட்டை பிடித்தால் ஒரு முறை ஹிட் (பந்தை அடித்து பேஸைச் சேர்வது). 21 ஹோம் ரன் (பந்து வேலியைத் தாண்டும் அடி), 65 ஸ்டோலன் பேஸ் (பிட்சர் எறியும்போது ஓடி அடுத்த பேஸைத் திருடுவது). பேஸ்பால் அமெரிக்கா பத்திரிகை அவனை ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரன் என்று அறிவித்தது. கிரீன்ஸ்பரோ மைதானத்தில் பந்து சீக்கிரம் வேலியைத் தாண்டிவிடும் என்று பெயர். இங்கே அடித்த ஹோம் ரன்னை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் பார்ப்பேன். ஆனால் ஆல்டூனா போயும் அவன் மட்டை குறையவே இல்லை. 2024 டிராஃப்ட்டில் (அணிகள் முறை வைத்துப் புதுப் பையன்களைப் பொறுக்கும் தேர்வு) ஒன்பதாவதாகத்தான் எடுக்கப்பட்டான். ‘உடம்பு சரி, ஓட்டம் சரி, மட்டையில் பந்து படுமா?’ என்று அப்போது பலருக்கும் சந்தேகம். ஒரே வருஷத்தில் அந்தக் கேள்வியின் வாயை அடைத்துவிட்டான்.

மெக்கானிகில் வேறு ஜாதி. 2025-இல் 88 ஆட்டம்தான் ஆடினான். நடுவில் கணுக்கால் கோளாறு. அந்த 88 ஆட்டத்தில் ஸ்ட்ரைக்-அவுட்டை விட வாக் அதிகம். அடிக்கத் தவறியோ நல்ல பந்தை விட்டோ மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் அது ஸ்ட்ரைக்-அவுட். பிட்சர் நாலு பந்தை வெளியே போட, இவன் மட்டையை அசைக்காமல் பொறுத்திருந்து முதல் பேஸுக்கு நடந்து போனால் அது வாக். அப்படிப் பொறுக்கத் தெரிந்தவன் 19 ஹோம் ரன்னும் அடித்தான் என்பதுதான் விசேஷம். பொறுமைக்காரர்கள் பொதுவாக இப்படி ஓங்கி அடிக்க மாட்டார்கள். அவனுக்குக் குறை கை பலம். மூன்றாவது பேஸ் பக்கம் ஆழமாகப் போன பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறியும்போது கொஞ்சம் தொங்கிப் போகும். அதனால் அவன் இரண்டாவது பேஸுக்கோ மூன்றாவது பேஸுக்கோ போவான் என்று பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

மாதேயும் டி வ்ரீஸும் டொமினிகன் குடியரசுப் பையன்கள். இருவரும் இடது, வலது இரு பக்கமும் நின்று அடிக்கும் மட்டைக்காரர்கள். இன்று யாருக்கு அடி பலம் என்றால் டி வ்ரீஸ். மாதே இன்னும் தரையிலேயே நிறைய அடிக்கிறான். ஆனால் எந்தப் பந்தை விட வேண்டும் என்பது மாதேவுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வருகிறது. 17 வயதில் டொமினிகன் சம்மர் லீகிலேயே ஸ்ட்ரைக்-அவுட்டை விட வாக் அதிகம் வைத்திருந்தவன், 18 வயதில் பிலாக்ஸியில் டபுள்-ஏ பிட்சர்கள் முன்னால் போய் நின்றுவிட்டான். தோளும் தொடையும் இன்னும் வளரும், அடி பின்னால் வரும். கண்ணுக்கு அப்படி இல்லை, அது முன்னாலேயே வந்திருக்க வேண்டும். அதனால்தான் ஒரு முடி அளவு அவனை முன்னால் வைத்தேன்.

கேள்வி: எங்கள் ஊர் ரஃப்ரைடர்ஸ் அணியில் 2025 முழுக்க செபாஸ்டியன் வால்காட் ஆடினான். பெரிய நட்சத்திரம் என்றார்கள். கடைசியில் .255 தான். ஏமாற்றம் இல்லையா?
– வி. எஸ்., ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்

பத்தாம் வகுப்புப் பையனைக் கல்லூரித் தேர்வில் உட்கார வைத்துவிட்டு, ஐம்பத்தைந்து மார்க்தானா என்று கேட்கிறீர்கள்.

வால்காட் பஹாமாஸ் தீவிலிருந்து வந்தவன், 2006 மார்ச்சில் பிறந்தவன். ஃபிரிஸ்கோவில் அவன் ஆடிய அந்த வருஷம் முழுக்க 19 வயதுதான். டபுள்-ஏவில் எதிரே நிற்பவர்களுக்குச் சராசரி இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது. கல்லூரி முடித்து, இரண்டு மூன்று வருஷம் தொழில் பார்த்தவர்கள். அவர்களோடு ஒரு முழுப் பருவம் உடம்பு தாங்கி, நன்றாகவே வாக் வாங்கி, 13 ஹோம் ரன் அடித்தால் அது தேறிய கணக்கு. அதே .255-ஐ 24 வயதுப் பையன் அடித்திருந்தால் நான் இந்தப் பதிலே எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு பையன்களை ஒப்பிட உட்கார்ந்தால் நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதி. இரண்டாவது, எந்தப் படியில் ஆடினான். மூன்றாவது, வாக் எத்தனை, ஸ்ட்ரைக்-அவுட் எத்தனை. சராசரி நாலாவது. ஹோம் ரன் அதற்கும் பின்னால்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் பேரன் போனில் எப்போதும் ‘ஷார்ட்ஸ்டாப்’ ‘ஷார்ட்ஸ்டாப்’ என்கிறான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படி என்ன பெரிய இடம் அது?
– கே. பி., கோயம்புத்தூர்

ஐயா, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்பவன் ஷார்ட்ஸ்டாப். வலது கை மட்டைக்காரன் இழுத்து அடித்தால் பந்து அந்தப் பக்கம்தான் போகும். வலது கைக்காரர்கள்தான் அதிகம். ஆக வேலை அதிகம்.

ஒரு பந்தை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். மட்டையில் பட்டு, இவனுடைய வலது பக்கமாகத் தரையில் பாய்கிறது. கையுறை இடது கையில். ஆக உடம்பைத் தாண்டிக் கையுறையைத் திருப்பி, புறங்கை உள்பக்கம் இருக்கும்படி நீட்டிப் பிடிக்க வேண்டும். பிடிக்கும்போது அவன் ஓடிக்கொண்டிருப்பது முதல் பேஸுக்கு எதிர்த் திசையில். வலது காலை மண்ணில் ஊன்றி அந்த ஓட்டத்தை நிறுத்தி, கையுறையிலிருந்து பந்தைப் பார்க்காமலே விரலால் எடுத்து, 120 அடிக்கும் மேல் குறுக்கே எறிய வேண்டும். மட்டைக்காரன் முதல் பேஸ் போய்ச் சேர நாலு வினாடியும் கொஞ்சமும்தான். அதில் பாதி பந்து இவன் கைக்கு வருவதற்கே போய்விடும். கேட்ட மாத்திரத்தில் எளிதாகத் தோன்றும். வலது காலை ஊன்றும் இடத்தில் ஒரு அரை அடி தவறினால் எறி உயரே போய்விடும், ஓடுபவன் இரண்டாவது பேஸில் நிற்பான்.

அதனால் பள்ளிக்கூட அணிகளில் இருப்பவர்களிலேயே ஓட்டமும் கையும் சிறந்தவனை அங்கேதான் நிறுத்துவார்கள். பேரனிடம் நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். ‘ரைட் ஃபீல்ட்’ (சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பந்து அதிகம் வராத மூலை) என்றால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஒரே ஆட்டத்தில் மூன்று எரர் (பிடிப்பதிலோ எறிவதிலோ தவறுவது) செய்தான் என்று பயிற்சியாளர் அவனை ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து எடுத்துவிட்டார். இரண்டு நாளாகச் சாப்பிட மாட்டேன் என்கிறான்.
– ஓர் அம்மா, எடிசன், நியூ ஜெர்ஸி

அவனுக்கு யாங்கீஸ் அணியின் பெயர்பெற்ற ஷார்ட்ஸ்டாப் டெரிக் ஜீட்டர் கதையைச் சொல்லுங்கள். சோறு தானாக இறங்கும்.

1992-இல் யாங்கீஸ் அவரை ஆறாவது ஆளாக டிராஃப்ட்டில் எடுத்தார்கள். அடுத்த வருஷம் எங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். அப்போது அணியின் பெயர் கிரீன்ஸ்பரோ ஹார்னெட்ஸ், ஆடியது பழைய வார் மெமோரியல் மைதானத்தில். அந்த ஒரே பருவத்தில் ஜீட்டர் செய்த எரர் 56. நான் அச்சுப் பிழை போடவில்லை, ஐம்பத்தாறு. ஏறக்குறைய இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. முதல் பேஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியிருந்தது என்று பழைய ஆட்கள் இன்னும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இவனை சென்டர் ஃபீல்டுக்கு (மைதானத்தின் பின்பகுதி நடுவுக்கு) அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அனுப்பவில்லை. பருவம் முடிந்ததும் பிரையன் பட்டர்ஃபீல்ட் என்ற பயிற்சியாளரிடம் புளோரிடாவில் விட்டார்கள். கையில் அடிபட்டு மட்டை பிடிக்க முடியாத நேரம் என்பதால் முழுக்க முழுக்க தரைப்பந்து எடுப்பதே வேலை. கையுறையை எங்கே வைத்துக்கொள்வது, கால் எப்படி வர வேண்டும் என்று அடியிலிருந்து ஆரம்பம். மறு வருஷம் எரர் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. சராசரி .344. மூன்று படி ஒரே வருஷத்தில் ஏறி, ஆண்டின் சிறந்த மைனர் லீக் வீரர் ஆனார். பிற்பாடு சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் கிளவ் விருதும் ஐந்து வாங்கினார். அந்த ஐந்தும் தகுதியா என்று கணக்குப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் சண்டை போடுவார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம்.

எரர் எண்ணிக்கையை வைத்துச் சின்னப் பையன்களை எடை போடுவது எனக்குப் பிடிக்காத வேலை. எட்டாத பந்தை எட்டித் தொட்டவனுக்குத்தான் எரர் விழும். இருந்த இடத்திலேயே நின்று ‘அது போய்விட்டது’ என்று பார்த்தவனுக்கு ஒன்றும் விழாது. உங்கள் மகனுடைய மூன்றும் எப்படிப் போனவை என்று கேளுங்கள். எறி தவறியதா, கையில் சிக்காமல் போனதா? எறி தவறினால் காலைச் சரி செய்யலாம். பயிற்சியாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இரண்டாவது பேஸிலும் தரைப்பந்து வரும்.

கேள்வி: பேஸ்பால் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருகிறது.
– டி. என்., ஃப்ரீமான்ட்

பிட்சரை மாற்றும்போது எனக்கும் வரும். அப்போதுதான் வேர்க்கடலை வாங்கப் போவேன்.

கேள்வி: முன்னாலும் இப்படி இரண்டு பையன்களை ஒப்பிட்டிருப்பார்களே. பத்து வருஷம் கழித்து அந்த ஒப்பீடு எப்படி முடிந்தது? உதாரணம் சொல்ல முடியுமா?
– எஸ். கே., டொரான்டோ

இதற்கு ஒரே ஒரு உதாரணம் போதும். ஃபிரான்சிஸ்கோ லிண்டோர், ஹாவியர் பாயஸ். கதை எழுதுபவர் இட்டுக்கட்டினால்கூட இவ்வளவு பொருத்தமாக வராது. இருவரும் புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்கள். இருவரும் சின்ன வயதில் புளோரிடாவுக்கு வந்து அங்கே பள்ளிக்கூடம் முடித்தார்கள். 2011 டிராஃப்ட்டில் எட்டாவதாக லிண்டோரை கிளீவ்லண்ட் எடுத்தது. அடுத்த நொடி, ஒன்பதாவதாக, பாயஸை சிகாகோ கப்ஸ் எடுத்தது. இருவரும் ஷார்ட்ஸ்டாப்.

2013-இல் இருவரும் டபுள்-ஏ வரை வந்தார்கள். அந்த வருஷக் கணக்கைப் பாருங்கள். பாயஸ் 37 ஹோம் ரன். டேடோனாவில் ஜூன் மாதம் ஒரே ஆட்டத்தில் நாலு. லிண்டோர் வருஷம் முழுக்க இரண்டே இரண்டு. மைதானத்துக்கு வந்தவர்கள் யாரைப் பார்த்து வாயைப் பிளந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பாயஸின் மட்டை வேகத்துக்குப் பக்கத்தில் நிற்க அன்றைக்கு யாரும் இல்லை. அதே பாயஸ் அந்த வருஷம் 147 முறை ஸ்ட்ரைக்-அவுட், 44 எரர். லிண்டோருக்கு வாக்கும் ஸ்ட்ரைக்-அவுட்டும் ஏறக்குறைய சமம். வாக் ஒரு கைப்பிடி கூடுதல்.

2014 ஆகஸ்டில் பாயஸ் முதலில் பெரிய லீகுக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே, டென்வரில், பன்னிரண்டாவது இன்னிங்ஸில் அடித்த ஹோம் ரன் கப்ஸுக்கு வெற்றி தந்தது. அப்புறம் பிட்சர்கள் விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இவருக்கு நல்ல பந்தே போட வேண்டாம், வெளியே விழும் பந்தைப் போட்டால் தானே வந்து வீசுவார். 52 ஆட்டத்தில் 95 ஸ்ட்ரைக்-அவுட், சராசரி .169. லிண்டோர் 2015 ஜூனில் போனார். அந்த வருஷமே புதுமுக விருதில் கார்லோஸ் கொரேயாவுக்கு அடுத்த இடம். 2013-இல் மைனர் லீகில் இரண்டே ஹோம் ரன் அடித்த அதே ஆள் 2017-இல் 33, 2018-இல் 38 அடித்தார். நான் மேலே மாதேயைப் பற்றிச் சொன்னபோது மனதில் இருந்தது இந்தக் கணக்குதான்.

சரி, லிண்டோர் ஜெயித்தார், பாயஸ் தோற்றார் என்று முடித்துவிடலாமா? முடியாது. 2016 உலகத் தொடரில் (பெரிய லீகின் இறுதிப் போட்டி) கப்ஸும் கிளீவ்லண்டும் மோதின. லிண்டோர் ஒரு பக்கம் ஷார்ட்ஸ்டாப், பாயஸ் மறுபக்கம் இரண்டாவது பேஸ். ஏழாவது ஆட்டம் வரை போய் ஜெயித்தது கப்ஸ். 2018-இல் பாயஸ் 34 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் தேர்வில் இரண்டாவதாக வந்தார். வெளியே போகும் பந்தை வீசும் பழக்கம் கொஞ்சமும் போகாமலே இதைச் செய்தார். அந்தக் கைகள் அப்படி. 2017 உலக பேஸ்பால் கிளாசிக்கில் இருவரும் புவெர்ட்டோ ரிக்கோவுக்காகப் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். அதில் ஒரு காட்சி: இரண்டாவது பேஸைத் திருட ஒருவர் ஓடிவருகிறார், தட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் யாடியர் மொலினா எறிகிறார். பந்து வந்து சேரும் முன்பே பாயஸ் மொலினாவை விரலால் சுட்டிக்காட்டி ‘பார்த்தாயா’ என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டார். பந்தையும் பார்க்கவில்லை, ஓடுபவரையும் பார்க்கவில்லை. கையுறை தானாகப் போய்த் தொட்டது. அவுட். இதை எந்த எண்ணில் எழுதுவது?

2021-இல் நியூயார்க் மெட்ஸ் அணியில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். லிண்டோருக்கு 10 வருஷம் 341 மில்லியன் டாலர். பாயஸ் அடுத்த வருஷம் டெட்ராய்ட் போனார், 6 வருஷம் 140 மில்லியன். அங்கே மட்டை சரிந்தது, ரசிகர்கள் திட்டினார்கள். 2025-இல் அவரை சென்டர் ஃபீல்டில் நிறுத்தினார்கள், அந்த வருஷமே ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் தொடக்க வீரராக இறங்கினார். லிண்டோர் இன்னும் ஷார்ட்ஸ்டாப்பில்தான்.

யாரை எடுத்திருக்க வேண்டும் என்றால் லிண்டோரைத்தான். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் யாருடைய ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குவேன் என்று கேட்டால் வேறு பதில் சொல்வேன்.

கேள்வி: 65 பேஸ் திருடினான் என்று கிரிஃபினைக் கொண்டாடுகிறார்கள். ரிக்கி ஹெண்டர்சன் மாதிரி வருவானா?
– ஜி. ஆர்., ராலே

அடக்கி வாசியுங்கள். ஹெண்டர்சன் பெரிய லீகில் எல்லாரையும் விட அதிகமாக பேஸ் திருடியவர். இப்போது பேஸ் பெரிதாகிவிட்டது. முன்பு 15 அங்குலம், இப்போது 18. பிட்சர் ஒரு மட்டைக்காரருக்கு இரண்டு முறைக்கு மேல் மண்மேட்டை விட்டு இறங்கினால், மூன்றாவது முறை ஓடுபவரை அவுட் ஆக்கியே ஆக வேண்டும். ஓடுபவர்களுக்கு இது பொற்காலம். அவன் கால் உண்மையில் வேகம்தான், ஆனால் 65-ஐ பழைய காலத்து 65-ஓடு சேர்த்து வைக்கக் கூடாது.

கேள்வி: 2024 ஜனவரியில் டி வ்ரீஸுக்கு 4.2 மில்லியன் டாலர் கொடுத்தார்கள். அதே மாதம் மாதேவுக்கு 9.5 லட்சம் டாலர். அப்படியானால் டி வ்ரீஸ்தானே நாலு மடங்கு நல்லவன்?
– பி. எல்., ஹூஸ்டன்

காசு பேசுவது அன்றைய தேதிக்கு முன்னால் நடந்த பேச்சை. டொமினிகன் பையன்கள் 16 வயதில்தான் கையெழுத்துப் போட முடியும். ஆனால் பேச்சு அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பே முடிந்துவிடும். 13, 14 வயதுப் பையனை ஒரு பயிற்சியாளர் தன் செலவில் சோறு போட்டு வளர்ப்பார், அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் வந்து பார்ப்பார்கள், வாய்வார்த்தையாக ஒரு தொகை முடிவாகும். பயிற்சியாளருக்கு அதில் ஒரு பங்கு. எழுத்தில் ஒன்றும் இருக்காது. அணி கடைசி நேரத்தில் கை விரித்தால் பையன் பாடு திண்டாட்டம். 13 வயதில் யார் முதலில் உயரமானான், யாருக்கு முதலில் தோள் விரிந்தது என்பதற்குத்தான் பெரும்பாலும் அந்தத் தொகை. மாதே பிந்தி வளர்ந்தான், அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். சின்சினாட்டி ரெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் எலி டி லா குரூஸுக்கு 2018-இல் கொடுத்தது 65,000 டாலர். 2024-இல் அவர் பெரிய லீகில் 67 பேஸ் திருடினார். ஒரு பேஸுக்கு ஆயிரம் டாலர்கூட விழவில்லை.

கேள்வி: 2025 ஜூலையில் பாட்ரேஸ் அணி டி வ்ரீஸை அத்லெடிக்ஸுக்குக் கொடுத்துவிட்டது. சொந்த அணியே விட்டுக் கொடுத்தால் பையனிடம் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்?
– என். எம்., சான் டியேகோ

உங்கள் ஊர்க்காரர்கள் ஷார்ட்ஸ்டாப்களைத் தானம் செய்வது இன்று நேற்றுப் பழக்கமா? 1982 தொடக்கத்தில் ஓஸி ஸ்மித்தை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தார்கள். அவர் வாங்கிய கோல்ட் கிளவ் மொத்தம் 13, அதில் 11 அங்கே போன பிறகு. 2014 டிராஃப்ட்டில் எடுத்த டிரே டர்னரை அந்த வருஷ முடிவிலேயே வாஷிங்டனுக்குப் பேசி முடித்தார்கள். 2022-இல் ஹுவான் சோட்டோவுக்காக சி.ஜே. ஏப்ரம்ஸை அதே வாஷிங்டனுக்கு. இப்போது மேசன் மில்லர் என்ற 100 மைல் வேகப் பிட்சருக்காக டி வ்ரீஸை.

நியாயமாகச் சொன்னால் ஒரு முறை உங்களுக்கும் அடித்தது. 2016-இல் சிகாகோ வைட் சாக்ஸ் ஒரு வயதான பிட்சருக்காக 17 வயது ஷார்ட்ஸ்டாப் ஒருவனைக் கொடுத்தது. அவன் அதுவரை தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்.

ஆகவே கோளாறு ஒன்றும் இல்லை. இந்த வருஷமே கோப்பை வேண்டும் என்று அவசரப்படுபவன் நாளைய பையனை விற்கிறான்.

கேள்வி: மைனர் லீகில் ஷார்ட்ஸ்டாப் ஆடும் இத்தனை பேருக்கும் பெரிய லீகில் இடம் ஏது?
– எம். வி., ஆஸ்டின்

இல்லை. 30 அணி, 30 ஷார்ட்ஸ்டாப். கணக்கு அவ்வளவுதான்.

2021 டிராஃப்ட்டைப் பாருங்கள். பள்ளிக்கூட ஷார்ட்ஸ்டாப்கள் நாலு பேரை வைத்து அந்த வருஷம் முழுக்கப் பட்டிமன்றம் நடந்தது. மார்செலோ மேயர் நாலாவதாக பாஸ்டனுக்கு, ஜோர்டன் லாலர் ஆறாவதாக அரிசோனாவுக்கு, பிரேடி ஹவுஸ் பதினொன்றாவதாக வாஷிங்டனுக்கு, கலீல் வாட்சன் பதினாறாவதாக மயாமிக்கு. ஹவுஸ் மூன்றாவது பேஸுக்கு மாற்றப்பட்டு அங்கேதான் 2025-இல் பெரிய லீகுக்கு வந்தான். மேயரும் அதே வருஷம் வந்தான், பாஸ்டன் அவனை இறக்கியது மூன்றாவது பேஸில். லாலர் வந்தபோது அரிசோனாவில் அந்த இடத்தில் ஏற்கனவே கெரால்டோ பெர்டோமோ உட்கார்ந்திருந்தார். வாட்சனை 2023-இலேயே கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்தவனை வேறு எங்கேயும் நிறுத்தலாம். டாட்டிஸ் 2023-இல் ரைட் ஃபீல்டுக்குப் போய் முதல் வருஷமே, கோல்ட் கிளவ்காரர்களிலேயே சிறந்தவருக்கான பிளாட்டினம் கிளவ் வாங்கினார். மூக்கி பெட்ஸ் தலைகீழ். அவுட்ஃபீல்டில் கொடி நாட்டிவிட்டு, முப்பது வயதுக்கு மேல் திரும்ப ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்து, 2025-இல் டாட்ஜர்ஸுக்கு அந்த இடத்திலேயே உலகத் தொடரை ஜெயித்துக் கொடுத்தார். ஆகையால் ஒரு பையனைப் பார்க்கும்போது நான் கேட்பது: இந்த இடத்தை எடுத்துவிட்டால் இவன் மட்டை தனியாக நிற்குமா? மெக்கானிகிலுக்கு நிற்கும். கிரிஃபினுக்கும் நிற்கும்; அவனுக்கு சென்டர் ஃபீல்டும் ஆடத் தெரியும். மற்ற இருவருக்கும் பதில் சொல்ல இன்னும் ஒன்றிரண்டு வருஷம் வேண்டும்.

கேள்வி: கிரீன்ஸ்பரோ வந்து ஓர் ஆட்டம் பார்க்க ஆசை. எங்கே உட்கார வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு ரசிகை, அட்லாண்டா

முதல் பேஸ் பக்கம் வாங்குங்கள். ஷார்ட்ஸ்டாப் எறிவது உங்களை நோக்கி வரும், எறி நேராக வருகிறதா வளைகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். டிவியில் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு இன்னிங்ஸும் தொடங்குமுன் முதல் பேஸ்காரன் மற்றவர்களுக்குத் தரையில் பந்து உருட்டிப் போடுவான். அப்போது எல்லாரும் சோம்பலாக எறிவார்கள். அந்தச் சோம்பல் எறியிலும் காலைச் சரியாக வைப்பவன் யார் என்று பாருங்கள். மட்டை பிடிக்கும்போது இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு மட்டும் ஊன்றிக் கவனித்தால் போதும். தட்டுக்கு வெளியே இறங்கும் பந்துக்கு மட்டை பாதி வந்து நின்றுவிட்டால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருகிற அணி செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே ஊரில் ஆறு ஆட்டம் ஆடும். ஆகவே இரண்டு நாள் தங்கினால் அதே பையனை இரண்டு வேறு பிட்சர்களிடம் பார்க்கலாம். ஒரு நாள் பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். அப்புறம், இந்த ஊர் அணி நாய்களுக்குப் பெயர் போனது. மட்டையைக் கவ்விக்கொண்டு வர லாப்ரடார் வளர்த்தார்கள். ஒன்றுக்கு மிஸ் பேப் ரூத் என்றே பெயர். குழந்தைகளை அழைத்து வந்தால் ஷார்ட்ஸ்டாப்பை நீங்கள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். திங்கட்கிழமை வராதீர்கள், ஆட்டம் கிடையாது.